நூறு வோல்ட் இயந்திரம்

பிரியமானவர்களே,

வாலிபர் கூடத்தின் மூலையில் இரண்டு மாதங்களாகப் பழைய போர்வையால் மூடப்பட்டு நிற்கும் விளையாட்டு இயந்திரத்தைப் பற்றி உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். "பழுதாகிவிட்டது, சரிசெய்துகொண்டிருக்கிறோம்" என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறேன். அந்தப் பதில் பொய்யல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல. முழு உண்மையை எழுதுவதற்காகவே இந்த வாரம் அமர்ந்திருக்கிறேன். சற்று நீளமாக இருக்கும். மின்சாரத்தைப் பற்றியும் நிறைய வரும். பொறுமையோடு இறுதிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நமது வாலிபர்களில் பெரும்பாலானோர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்கள், அல்லது அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். ஷிப்ட் முடிந்து சனிக்கிழமை மாலை கூடத்திற்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கைபேசியை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு சுவரோரமாய் அமர்ந்துவிடுகிறார்கள். தோளோடு தோள் நின்று விளையாட ஏதாவது ஒன்று இருந்தால் நன்றாயிருக்குமே என்று ஒரு கூட்டத்தில் நான் சொன்னேன். அதை நினைவில் வைத்திருந்த நம் சகோதரர் ஒருவர், சென்னையில் மூடப்பட்ட ஒரு விளையாட்டுக் கூடத்திலிருந்து ஒரு இயந்திரத்தை வாங்கித் தம் சொந்தச் செலவில் நமக்குக் கொடுத்தார். ஜப்பானில் செய்யப்பட்டது. பெரிய கண்ணாடித் திரை, இரண்டு கைப்பிடிகள், வண்ண வண்ணப் பொத்தான்கள். 1978ஆம் ஆண்டு ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்ட நாள் முதல் அந்நாட்டு விளையாட்டுக் கூடங்களில் நின்றுவரும் வகையைச் சேர்ந்தது.

அதை ஏற்றிவரச் சிறிய லாரியோடு நானும் போயிருந்தேன். நம் சபையைச் சேர்ந்த ஒரு தம்பியும் உடன் வந்தான். பதினெட்டு வயது. ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பிரிவில் படிக்கிறான். அதிகம் பேசாதவன், பேசினாலும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுகிறவன். அவன் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். தெரியவேண்டும் என்பதும் என் நோக்கந்தான். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இயந்திரத்தை ஏற்றி முடித்தபோது, அது நின்றிருந்த இடத்தில் ஒரு கனமான இரும்புப் பெட்டி கிடந்தது. பத்துக் கிலோவுக்குக் குறையாது. தூசி படிந்து, துருவேறி, ஒரு பக்கம் மூன்று முனை பிளக்கும் மறுபக்கம் தட்டையான துளைகளோடு ஒரு சாக்கெட்டும் இருந்தன. "ஐயா, இந்தப் பெட்டி வேண்டாமா?" என்று அந்தத் தம்பி கேட்டான். பழைய ஸ்டெபிலைசர் ஏதோ என்று நினைத்தேன். லாரிக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். "அந்தக் குப்பை எதற்குத் தம்பி, விட்டுவிடு" என்றேன்.

அன்று மாலை கூடத்தில் முப்பது பிள்ளைகள் காத்திருந்தார்கள். இயந்திரத்தின் பிளக் தட்டையான இரண்டு முனைகளோடு இருந்ததால், கடையிலிருந்து ஒரு அடாப்டர் வாங்கிவரச் செய்தேன். அடாப்டரைக் கையில் வைத்துக்கொண்டு அவன், "ஐயா, அந்தப் பெட்டி..." என்று ஆரம்பித்தான். "பிள்ளைகள் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? சீக்கிரம் போடு தம்பி" என்றேன். அவன் செருகினான், சுவிட்சைப் போட்டான். திரையின் மேலிருந்த விளக்கு ஒரு கணம் கண்ணைக் கூசும்படி எரிந்தது. பின்பக்கத்தில் 'டப்' என்றொரு சத்தம்; உடனே புகை. எரிந்த நாற்றம் கூடம் முழுவதும் பரவியது.

அடுத்து நடந்ததை அங்கே இருந்தவர்கள் அறிவார்கள். "யாரைக் கேட்டுச் செருகினாய்? ஐ.டி.ஐ.யில் படிப்பது இதுதானா? உன்னை நம்பி ஒரு பொருளைக் கொடுக்க முடியாது" என்று முப்பது பேர் முன்னிலையில் அவனைக் கடிந்துகொண்டேன். யாரைக் கேட்டுச் செருகினான்? என்னைக் கேட்டுத்தான். சொல்லப்போனால், அவன் கேட்கக்கூட இல்லை. செருகச் சொன்னவனே நான். அவன் ஒரு வார்த்தையும் பதில் சொல்லாமல் அடாப்டரைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனான். அதற்குப் பின் கூடத்திற்கு வரவில்லை. வாலிபர்கள் அவனுக்குப் 'புகை' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கேட்டும் நான் கண்டிக்கவில்லை.

மூன்று வாரங்கள் கழித்து, தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் நெடுங்காலம் பணிபுரியும் நம் மூத்த சகோதரர் ஒருவர் இயந்திரத்தைப் பார்க்க வந்தார். போர்வையை விலக்கிப் பின்பக்கம் குனிந்தவர், ஒரு நிமிடத்தில் என்னை அழைத்து அங்கே ஒட்டியிருந்த சிறிய உலோகத் தகட்டைக் காட்டினார். ஜப்பானிய எழுத்துகள் நிறைந்திருந்தன. "இதை வாசிக்கத் தெரியாதே, அண்ணே" என்றேன். "எழுத்து தெரியாவிட்டால் போகட்டும் ஐயா, எண் தெரியுமே" என்றார். எழுத்துகளுக்கு நடுவே தெளிவாக 100 என்றும் அதன் அருகே வோல்ட்டைக் குறிக்கும் அடையாளமும் இருந்தன. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் சிறு பிள்ளையும் வாசித்திருக்கக்கூடிய எண் அது. நான் ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானில் வீடுகளுக்கு வருவது 100 வோல்ட். உலகிலேயே மிகக் குறைந்த வீட்டு மின்னழுத்தங்களில் அது ஒன்று. அதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. 1890களில் டோக்கியோ நகரம் ஜெர்மனியிலிருந்து மின்னாக்கிகளை வாங்கியது. அவை 50 ஹெர்ட்ஸ். ஒசாகா நகரம் அமெரிக்காவிலிருந்து வாங்கியது. அவை 60 ஹெர்ட்ஸ். அன்று செய்த தெரிவின்படியே இன்றுவரை கிழக்கு ஜப்பான் 50 ஹெர்ட்ஸிலும் மேற்கு ஜப்பான் 60 ஹெர்ட்ஸிலும் இருக்கின்றன. 2011 மார்ச்சில் பூகம்பமும் சுனாமியும் கிழக்கில் மின்நிலையங்களை முடக்கியபோது, மேற்கில் மின்சாரம் இருந்தும் சிறிதளவே அனுப்ப முடிந்தது. இடையில் அதிர்வெண்ணை மாற்றித்தரும் நிலையங்களின் கொள்ளளவு அவ்வளவு குறைவாக இருந்தது.

நம் இயந்திரத்திற்குள் என்ன நடந்தது என்பதை மூத்த சகோதரர் ஒவ்வொன்றாய்க் கழற்றிக் காட்டினார். இயந்திரத்தின் மின்வழங்கி, சுவரிலிருந்து வரும் மாறுமின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. உள்ளே 100 வோல்ட் வந்தால், மாறிய பின் உச்சத்தில் ஏறத்தாழ 141 வோல்ட் இருக்கும். அதற்கென்று வைத்திருந்த கெப்பாசிட்டர் 200 வோல்ட் வரை தாங்கக்கூடியது. நாம் கொடுத்த 230 வோல்ட், உச்சத்தில் 325 வோல்ட் ஆகிவிடும். கெப்பாசிட்டர் வெடித்தது, அந்தச் சத்தமே நாம் கேட்ட 'டப்'. விளக்கின் சோக் கருகியிருந்தது. பியூஸ் அறுந்து மற்றவற்றைக் காப்பாற்றியிருந்தது. விளையாட்டு அடங்கியிருந்த மின்பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பலகைக்குத் தேவை வெறும் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டுந்தான் என்று அவர் சொன்னபோது நான் வியந்தேன். அத்தனை ஒளியும் ஓசையும் ஐந்து வோல்ட்டில் பிறக்கின்றன.

"தொழிற்சாலையில் இப்படி நடந்ததுண்டா அண்ணே?" என்று கேட்டேன். சிரித்தார். ஜப்பானிலிருந்து வரும் கடைசல் இயந்திரங்கள் பல, மும்முனையில் 200 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நம் தொழிற்சாலைகளில் மும்முனை மின்சாரம் 400 வோல்ட்டை ஒட்டியது. ஆகவே அப்படிப்பட்ட இயந்திரம் ஒன்று வந்து இறங்கும்போதே அதற்கேற்ற மின்மாற்றியையும் அருகில் வைத்துத்தான் இணைப்புக் கொடுப்பார்களாம். "கோடி ரூபாய் இயந்திரமானாலும், முதலில் தகட்டைப் பார்ப்போம். பிறகுதான் கம்பியைத் தொடுவோம்" என்றார்.

பிரியமானவர்களே, அழுத்தத்தைக் குறைத்துக் கொடுப்பது ஏதோ அபூர்வமான வேலை அல்ல. நம் மாவட்டமே அதைச் செய்துகொண்டிருக்கிறது. அத்திப்பட்டில் இருக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தில் பிறக்கும் மின்சாரம், பயணத்திற்காக முதலில் மிக உயர்ந்த அழுத்தத்திற்கு ஏற்றப்படுகிறது. பின்பு துணைமின் நிலையங்களில் படிப்படியாக இறங்கி, 11,000 வோல்ட்டாக நம் தெருமுனை வரை வருகிறது. அங்கே கம்பத்தில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் அதை வீட்டுக்கு ஏற்ற அளவாக்குகிறது. நீங்கள் சென்ட்ரலிலிருந்து ஏறிவரும் புறநகர் மின்ரயிலின் மேற்கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. ரயிலுக்குள்ளே இருக்கும் மின்மாற்றி அதைக் குறைத்த பின்னரே உங்கள் தலைக்கு மேலுள்ள மின்விசிறி சுழல்கிறது. கம்பியில் வரும் அழுத்தத்தை அப்படியே வீட்டுக்குள் விட்டால் ஒரு வீடும் மிஞ்சாது. வலிமையான ஒன்று, எளிய ஒன்றைச் சென்று சேரும் இடத்திலெல்லாம் இப்படி ஒரு பெட்டி நின்றுகொண்டிருக்கிறது. நான் குப்பை என்று விட்டுவந்தது அந்தப் பெட்டியைத்தான்.

அது தெரிந்த அன்றே அந்த வியாபாரியிடம் தொலைபேசியில் பேசினேன். "அதை அன்றைக்கே உங்களோடு வந்த பையன் எடுத்துக்கொண்டானே" என்றார்.

மறுநாள் மாலை அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். அவனுடைய தாயார் கதவைத் திறந்து, "வாங்க ஐயா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவன் உள்ளே சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தான். அவர்களுடைய ஒற்றைக் கட்டிலுக்கு அடியில், செய்தித்தாளால் சுற்றப்பட்டு அந்த இரும்புப் பெட்டி இருந்தது. நான் லாரியின் முன்பக்கம் ஏறிய பிறகு அவன் அதைத் தூக்கிப் பின்பக்கம் தன் கால்களுக்கு இடையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். தேவைப்படும் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் உறுதியாகத் தெரியவில்லை. கூடத்தில் அதைச் சொல்லத்தான் வாயெடுத்திருக்கிறான்.

"ஏன் தம்பி, இன்னொரு முறை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். கேட்டவுடனே அந்தக் கேள்வியின் அநியாயம் எனக்கே உறைத்தது. அவன் சற்று நேரம் கழித்து, "ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன் ஐயா. மூணாவது தடவை பயமா இருந்தது" என்றான்.

நான் மேடையில் பேசிப் பழகியவன். ஒலிபெருக்கி நின்றுபோனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசத் தெரியும் என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. அந்தக் குரலை அதே அளவில், ஒரு முழம் தூரத்தில் நின்றிருந்த பிள்ளையின் முகத்தின்மேல் செலுத்தினேன். பியூஸ் அறுந்தது போல் அவன் அறுத்துக்கொண்டு போனான். அப்படிப் போனதால்தான் அவனுக்குள் இருந்த மற்றவை தப்பித்தன என்றும் இப்போது தோன்றுகிறது.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ஐயா" என்றான். பரவாயில்லை என்பது நாம் பெரியவர்களுக்கு மரியாதையாய்ச் சொல்லும் வார்த்தை. எப்போதும் அது உண்மை அல்ல. ஆகவே அதை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாய் வீடு திரும்பிவிடக் கூடாது என்று நினைத்தேன். "பெட்டியை நீயே கொண்டுவந்து மாட்டித் தருவாயா தம்பி?" என்று கேட்டேன். "யோசிச்சுச் சொல்றேன் ஐயா" என்றான். நான்கு நாள் கழித்து, மூத்த சகோதரர் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, பெட்டியை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு வந்தான்.

இருவரும் வேலை செய்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். உங்கள் வீடுகளிலும் வெளிநாட்டுப் பொருட்கள் இருக்கக்கூடும் என்பதால், அவர்கள் சொன்னதையும் செய்ததையும் எழுதுகிறேன்.

முதலில் பெட்டியைத் திறந்து தூசி நீக்கினார்கள். உள்ளே இரும்புத் தகடுகளின் மேல் செம்புக் கம்பிச் சுற்றுகள் இரண்டு. ஒன்று சுவரோடு சேர்வது, மற்றொன்று இயந்திரத்தோடு சேர்வது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரும்பின் வழியாக காந்தப்புலம் மட்டுமே கடக்கிறது. எத்தனைக்கு எத்தனை சுற்று என்ற விகிதத்தில்தான் 230 என்பது 100 ஆகிறது. இரண்டு சுற்றுகளுக்கும் இடையில் கசிவு இல்லை என்பதை மெக்கர் கொண்டு உறுதி செய்தார்கள். சில மலிவான பெட்டிகளில் ஒரே கம்பிச் சுற்றில் பாதியில் கிளை எடுத்திருப்பார்களாம். அவற்றில் பிளக்கைத் தலைகீழாகச் செருகிவிட்டால், வெளிவரும் இரு கம்பிகளுக்கு இடையில் 100 வோல்ட்தான் இருக்கும். ஆனால் தரையோடு ஒப்பிட்டால் ஒன்று 230, மற்றொன்று 130 வோல்ட்டில் நிற்கும். பிள்ளைகள் தொடும் பொருளுக்கு அது ஏற்றதல்ல.

அடுத்து, பயணிகளுக்கென்று விற்கப்படும் உள்ளங்கை அளவு மாற்றிகளைப் பற்றிச் சொன்னார்கள். எடையே இல்லாத அந்த மாற்றிகளில் பல, மின்னலையை வெட்டித் துண்டாக்கிக் கொடுப்பவை. தலைமுடி உலர்த்தி போன்ற சூடாக்கும் கருவிகளுக்கு மட்டும் அவை உதவலாம். மின்னணுப் பொருட்களுக்கு உதவா. நான் வாங்கிவரச் செய்த அடாப்டரோ அந்த வேலையைக்கூடச் செய்யாது. அது துளையின் வடிவத்தை மட்டும் மாற்றுகிறது. பொருந்திவிட்டது என்பதால் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மூன்றாவது, கொள்ளளவு. இயந்திரத்தின் தகட்டில் 1.5 ஆம்பியர் என்று இருந்தது. 100 வோல்ட்டை 1.5 ஆம்பியரால் பெருக்கினால் 150. பெட்டியின் கொள்ளளவோ 500 வோல்ட் ஆம்பியர். பழைய கண்ணாடித் திரைகள் சுவிட்ச் போட்ட கணத்தில் அதிக மின்சாரத்தை இழுக்கும் என்பதால் இவ்வளவு இடைவெளி நல்லது என்றார் சகோதரர். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதே 150 வாட் வேலையை நம் 230 வோல்ட் இயந்திரமும் செய்யும். அழுத்தம் குறைந்த இடத்தில் ஓட்டம் கூடுகிறது, வேலை குறைவதில்லை. நூறு வோல்ட் இயந்திரம் பலவீனமான இயந்திரம் அல்ல. மெல்லப் பேசுகிற பிள்ளையைத் திறமை குறைந்த பிள்ளை என்று எண்ணியிருந்த எனக்கு இந்தக் கணக்கு வேறு விதமாகவும் கேட்டது.

நான்காவது, நம் ஊரின் ஏற்ற இறக்கம். உருக்காலைகளும் உருட்டாலைகளும் சூழ்ந்த பகுதியில் வாழ்கிறோம். சில மாலைகளில் விளக்குகள் மங்கிப் பிரகாசிப்பதை நீங்களும் பார்க்கிறீர்கள். அந்தத் தம்பி ஒரு வாரம் வெவ்வேறு நேரங்களில் கூடத்தின் சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்து அளந்து நோட்டில் எழுதினான். மிகக் குறைந்தது 196, மிக அதிகம் 248. மின்மாற்றி விகிதத்தை மட்டுமே காக்கும். ஏற்ற இறக்கத்தைத் திருத்தாது. உள்ளே 196 போனால் வெளியே 85. உள்ளே 248 போனால் வெளியே 108. ஆகவே முதலில் ஸ்டெபிலைசர், அதற்குப் பின் மின்மாற்றி, அதற்குப் பின் இயந்திரம் என்று வரிசைப்படுத்தினார்கள்.

ஐந்தாவது, எர்த். ஜப்பானியப் பிளக்கில் இரண்டு முனைகள்தான். எர்த் கம்பி பச்சை நிறத்தில் தனியே தொங்கிக்கொண்டிருந்தது. அன்று நாங்கள் அதை எங்கும் இணைக்கவே இல்லை. இப்போது இயந்திரத்தின் உலோகப் பாகங்கள் அந்தக் கம்பி வழியாகக் கூடத்தின் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. முப்பது பிள்ளைகளின் கைகள் தொடவிருந்த பொருள் அது. அன்று புகையோடு முடிந்ததற்கு நன்றி சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

கடைசியாக அந்த விளக்கு. அதன் சோக்கில் மட்டும் 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தது. மேற்கு ஜப்பானில் நின்றிருந்த இயந்திரம் போலும். நம்முடைய மின்சாரமோ 50 ஹெர்ட்ஸ். 2013 டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின்தொகுப்பு வடக்கோடு இணைக்கப்பட்ட பின், நாடு முழுவதும் ஒரே துடிப்பில் இயங்குகிறது. இரும்பும் செம்பும் அடங்கிய பெட்டியால் வோல்ட்டை மாற்ற முடியும். அந்தத் துடிப்பை மாற்ற முடியாது. மின்வழங்கி 50, 60 இரண்டையும் ஏற்கும் என்பதால் அதற்குக் கவலை இல்லை. ஆனால் 60 ஹெர்ட்ஸுக்கான சோக்கை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் அதிக மின்சாரம் பாய்ந்து சூடேறும். எனவே சோக்கை எடுத்துவிட்டு ஒரு எல்.ஈ.டி. விளக்கைப் பொருத்தினார்கள். அந்த யோசனை தம்பியுடையது.

மின்வழங்கிக்குப் புதிய கெப்பாசிட்டர், புதிய பியூஸ் எல்லாம் போட்டு, சென்ற சனிக்கிழமை இரவு கூடத்தில் நாங்கள் மூவர் மட்டும் இருக்கையில் சுவிட்சைப் போட்டோம். போடும்முன் அவன் பெட்டியிலிருந்து வெளிவரும் அழுத்தத்தை அளந்து, "நூத்தி ஒண்ணு, ஐயா" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். நான் "சரி தம்பி" என்று சொல்லும்வரை காத்திருந்தான். மெல்ல திரை வெளிச்சமானது. இசை ஒலித்தது. மூத்த சகோதரர் முதல் ஆட்டத்தில் ஒரு நிமிடத்திற்குள் தோற்றார்; நான் அதைவிட விரைவாகத் தோற்றேன். அவன் விளையாடவில்லை. ஒரு தாளில் "100 வோல்ட் மட்டும். பெட்டி இல்லாமல் செருகாதீர்கள்" என்று எழுதி, பிளக்கின் மேல் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.

அவன் இன்னும் வாலிபர் கூடுகைக்கு வரத் தொடங்கவில்லை. வருவானா என்று எனக்குத் தெரியாது. வரவேண்டும் என்று அவனை நான் வற்புறுத்தவும் இல்லை. எவ்வளவு அழைப்பை அவனால் இப்போது ஏற்க முடியும் என்பதை அவனே சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.

பிரியமானவர்களே, இந்தக் கடிதத்தின் காரணத்திற்கு வந்துவிட்டேன். பலர் முன்னிலையில் செய்த தவற்றை ஒரு வீட்டின் உள்ளறையில் மட்டும் திருத்துவது நியாயமல்ல. முப்பது பேர் முன்னிலையில் அவன் தலைகுனிந்தான். அதைவிட அதிகமானோர் முன்னிலையில் அவன் நிமிரவேண்டும். ஆகவே சொல்கிறேன்: இயந்திரத்தை எரித்தவன் அவன் அல்ல, நான். மின்மாற்றியை விட்டுவரச் சொன்னவன் நான். தகட்டைப் பார்க்காதவன் நான். இரண்டு முறை அவன் சொல்ல வந்ததைக் கேளாதவன் நான். பெட்டியைக் காப்பாற்றி வைத்திருந்தவன் அவன். இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டி, அவன் சம்மதித்த பின்னரே உங்களுக்கு அனுப்புகிறேன். ஒரு இடத்தில் மட்டும் திருத்தினான்: நான் 100 என்று எழுதியிருந்ததை 101 என்று மாற்றச் சொன்னான்.

உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. வாலிபர்களே, 'புகை' என்ற அந்தப் பெயரை இன்றோடு விட்டுவிடுங்கள். யாரையாவது அப்படி அழைத்தே ஆகவேண்டும் என்றால் என்னை அழையுங்கள். பெற்றோரே, இந்த வாரத்தில் உங்கள் பிள்ளையோ, உங்களிடம் வேலை பழகும் இளைஞனோ ஒரு வாக்கியத்தைத் தொடங்கி நடுவில் நிறுத்தினால், மற்ற வேலையை ஒரு நிமிடம் தள்ளிவைத்து, "என்ன சொல்ல வந்தாய்?" என்று கேளுங்கள். தாழ்ந்த குரலில் கேளுங்கள்.

வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இயந்திரம் அனைவருக்கும் திறக்கப்படும். ஒருவருக்கு இரண்டு ஆட்டங்கள். பிளக்கை யாரும் கழற்றவேண்டாம்.

அன்புடன்,
உங்கள் போதகர்